இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம்

வரலாற்றுப் பாடத்தில் கைத்தொழில் புரட்சி என்றதும் கண்டுபிடித்தவரின் பெயரையும் ஆண்டையும் மனனம் செய்கிறோம். 1844 மோர்ஸின் தந்தி, 1876 பெல்லின் தொலைபேசி, 1879 எடிசனின் மின்குமிழ் எனப் பட்டியல் நீளும். பரீட்சைக்கு இவை அவசியம்தான். ஆனால் இக்கண்டுபிடிப்புகள் சாதாரண மனிதரின் ஒரு நாளை எப்படி மாற்றின? இயந்திரம் வேலையை விரைவாக்கியது என்கிறோம். அவ்வாறு மிச்சமான நேரம் யாருடைய கைக்குப் போனது? ஐக்கிய அமெரிக்காவில் நூலும் துணியும் செய்த பெண்களின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

மணியோசையில் தொடங்கிய நாள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரில் பெரும்பாலானோர் விவசாயிகள். கிராமத்து வீடுகளில் தாயும் பெண் பிள்ளைகளுமே நூல் நூற்றுத் துணி நெய்தனர். சூரியனும் பருவகாலமுமே அவர்களது கடிகாரம்.

1814இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் என்ற ஊரில் பிரான்சிஸ் கபட் லோவெல் ஒரு தொழிற்சாலையை இயங்க வைத்தார். பஞ்சு நூலாகி, நூல் துணியாகும் வரையான எல்லா வேலையும் அங்கு ஒரே கூரையின் கீழ் நீர்வலுவினால் நடந்தது. அவரது மறைவின் பின் பங்காளிகள் மெரிமாக் ஆற்றங்கரையில் ஒரு தொழில் நகரத்தையே கட்டி, அவரது பெயரைச் சூட்டினர்.

அந்த லோவெல் நகருக்கு விவசாயிகளின் பெண் பிள்ளைகள் வேலைக்கு வந்தனர். கம்பனியின் விடுதிகளில் தங்கினர். எழும்புவது, உண்பது, வேலைக்குப் போவது எல்லாம் மணியோசைக்குக் கட்டுப்பட்டன. வேலை நாளோ 12, 13 மணித்தியாலம்.

இதில் நன்மையும் இருந்தது. தம் கையால் உழைத்த பணத்தை அப்பெண்கள் முதன்முறையாகக் கண்டனர். மாலையில் விரிவுரைகளுக்குச் சென்றனர். 1840 முதல் 1845 வரை ‘லோவெல் ஆஃபரிங்’ என்ற சஞ்சிகையில் தம் கதைகளையும் கவிதைகளையும் கட்டுரைகளையும் வெளியிட்டனர். தறியருகே நின்ற களைப்போடும் பேனா பிடித்த அப்பெண்கள், கல்லூரிச் சஞ்சிகைக்கு எழுதும் நமக்கு அந்நியரல்லர்.

ஆயினும் வேகமான தறி அவர்களது வேலை நாளைக் குறைக்கவில்லை. 1834இல் சம்பளம் குறைக்கப்பட்டபோதும், 1836இல் விடுதிக் கட்டணம் கூட்டப்பட்டபோதும் வேலைநிறுத்தம் செய்தனர். 1845இல் சாரா பாக்லி என்ற தொழிலாளப் பெண்ணின் தலைமையில் 10 மணித்தியால நாளைக் கேட்டு மாநிலச் சட்டமன்றத்தின் முன் சாட்சியமளித்தனர். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பெண்களுக்கும் சிறுவருக்கும் 10 மணித்தியால எல்லையை விதித்த சட்டம் அம்மாநிலத்தில் 1874இல்தான் வந்தது.

பஞ்சின் மறுபக்கம்

லோவெல் தறிகளுக்கான பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் உழைப்பினால் விளைந்தது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை 1793இல் எலி விட்னி உருவாக்கினார். கையால் செய்த ஒரு வேலை இலகுவானதால் அடிமைகளின் சுமை குறைந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. பருத்திச் செய்கை பெரும் இலாபம் தந்ததால் தோட்டங்கள் பெருகின. 1790இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறத்தாழ 40 இலட்சமாகியது.

தையல் இயந்திரம்

1846இல் எலியாஸ் ஹவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் அதைத் திருத்தியமைத்தார். தவணை முறையில் விற்கப்பட்டதால் அது சாதாரண வீடுகளுக்கும் வந்தது. கையால் தைக்க 14 மணித்தியாலம் எடுத்த ஆணின் சட்டையொன்றை ஒன்றேகால் மணித்தியாலத்தில் தைக்கலாம் என்று அக்காலக் கணக்கொன்று கூறியது. 1877இல் இலங்கைக்கும் வந்த இவ்வியந்திரம் நம் உம்மம்மாமாரின் வீடுகளிலும் இடம்பிடித்தது.

குடும்பத்துக்குத் தைத்த பெண்ணுக்கு இது பெரும் உதவி. கூலிக்குத் தைத்தவளுக்கோ உருப்படிக்கான கூலி குறைந்தது. வேகம் கூடியும் வேலை முடிந்தபாடில்லை.

1909இல் நியூயோர்க்கில் சுமார் 20,000 ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், குறைந்த வேலை நேரமும் நல்ல சம்பளமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1911 மார்ச் 25ஆம் திகதி அந்நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு ஏணிகள் அந்த மாடிகளை எட்டவில்லை. 146 பேர் உயிரிழந்தனர்.

அக்கொடுமையை நேரில் கண்டவர்களுள் பிரான்சிஸ் பேர்கின்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். 1933இல் அவர் தொழில் அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 1938இல் குறைந்தபட்சச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, சிறுவர் உழைப்புக்குத் தடை ஆகியவற்றைக் கொண்ட சட்டம் நிறைவேறியது. பண்ணைத் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது.

நாம் கற்க வேண்டியது

இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும், அந்நேரத்தைப் பங்கிடாது. பங்கிடுவது மனிதரின் வேலை. லோவெல் பெண்களின் மனுவும் நியூயோர்க் பெண்களின் போராட்டமும் பின்னர் வந்த சட்டமும் அந்தப் பங்கையே கேட்டன. 1978இல் ஆரம்பிக்கப்பட்ட கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் கிராமத்துப் பெண் பிள்ளைகளே பெருமளவில் வேலை தேடி வந்தனர். ஆகவே இது தூரதேசத்துக் கதை மட்டுமல்ல.

மாணவிகளே, கண்டுபிடிப்பு, கண்டுபிடித்தவர், ஆண்டு என மூன்று நிரல்களில் குறிப்பெழுதும்போது நான்காவது நிரலொன்றையும் கீறிக்கொள்ளுங்கள். ‘யாருடைய நேரம் மிச்சமானது, யாருடைய வேலை கூடியது’ என்று அதற்குத் தலைப்பிடுங்கள். அந்த நிரலை நிரப்பத் தெரிந்தவரே வரலாற்றை விளங்கிப் படித்தவராவார்.