வீட்டில் தொழிலா? மெஷின் வாங்கும் முன் அனுமதி

பழையசீவரம் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் வீட்டின் முன்கட்டில் மாவு மெஷினோ தையல் கூடமோ போட நினைக்கிறீர்களா? மெஷினுக்கு முன்பணம் கட்டும் முன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, சில தொழில்களுக்கு உரிமமும், மோட்டார் பொருத்த அனுமதியும் வேண்டும். வீட்டு வரி ரசீது, பட்டா நகல், மோட்டாரின் குதிரைத்திறன் விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனை எந்த நில உபயோகப் பகுதியில் (குடியிருப்பா, தொழிலா) வருகிறது என்பதை நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். சிறுதொழில்களுக்கான 'உத்யம்' பதிவு இலவசம், நல்லதுதான். ஆனால் அது ஊராட்சி அனுமதிக்கு ஈடாகாது. பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

மின்சாரத்தில் கவனம் தேவை. வீட்டு இணைப்பில் தொழில் மோட்டார் ஓட்டினால், மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு கட்ட நேரும். தொழிலுக்கான இணைப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்குமேல் 45 டெசிபல்தான் இருக்கலாம். மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வு சுவர் வழியே போவது குறையும். தவிடு, மாவுத் தூசி பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் படியாமல் பாருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊராட்சிக்குப் போகும் புகார்களில் பாதி அங்கேயே நின்றுவிடும்.