இசைவின்றி எழுந்த மாடி

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் மகனுக்கு மணமானதும் தரைவீட்டின்மேல் மாடி எழுப்புவார் பலர். அறை வேண்டியதே; ஆயினும் உள்ளாட்சி மன்றத்தின் இசைவு வருமுன்னரே கொத்தனார் வந்துவிடுகிறார்! ஒரு தளத்திற்கென இட்ட கடைகால் இரண்டைத் தாங்குமோ என்று ஆராய்வார் இலர்.

ஆண்டுகள் கழிகின்றன. வீட்டை ஈடுவைக்கச் சென்றால், வங்கியார் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்கின்றனர். அதில் மாடியே இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னர்ச் சேர்ந்த ஒரு பிரிவு, 1-7-2007 வரை எழுந்த கட்டடங்களை வரன்முறைப்படுத்த இடந்தந்தது. அதற்குப் பிற்பட்ட மாடிக்கு அப்பிரிவில் இடமில்லை. காலம் கடந்ததாலோ பெரும்பொருள் செலவிட்டதாலோ இசைவற்ற கட்டடம் முறையானதாகாது என்று உச்சநீதிமன்றம் 17-12-2024இல் தீர்ப்பளித்தது. தந்தை எழுப்பிய மாடிக்குரிய அறிவிப்பு, அவர் மறைந்தபின் மகன் பெயருக்கு வருகிறது.