‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிடாதீர்கள்

குன்னூர் பெட்போர்டில் ஒரு டீக்கடை. சீசன் முடிந்து மழை பிடிக்கத் தொடங்கிய வாரம். எதிரே உட்கார்ந்திருந்த பெண் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய ராஜினாமாக் கடிதத்தின் நகல். ஒரு தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் நாலே முக்கால் வருடமாக வேலை பார்ப்பவர்.

“எல்லார் முன்னாடியும் ‘உனக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா’ன்னு கேக்குறாருண்ணா. ரெண்டு மாசமா வார லீவு கிடையாது. ஏன்னு கேட்டா மறுநாள்லேர்ந்து நைட் ஷிஃப்ட். தாங்க முடியல, எழுதிக் கொடுத்துட்டேன். வேலை போனவங்களுக்கு இ.எஸ்.ஐ.யில பணம் தராங்களாமே, எனக்குக் கெடைக்குமா?”

தாளில் இரண்டே வரி. ‘சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். 30 நாள் முன்னறிவிப்பாக இதை ஏற்றுக்கொள்ளவும்.’ எழுதச் சொன்னவர் மேலாளர், வாசகத்தைச் சொன்னவரும் அவரே. அவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. இந்தப் பெண்ணுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்குச் சொன்னதன் விரிவு. நிலைமை இன்னும் கையை மீறாதவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்

மேலாளர் திட்டுகிறார், அவமானப்படுத்துகிறார், வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்பதற்காக வேலையை விட்டால் உதவித்தொகை தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், தக்க காரணத்தோடு வேலையை விட்டதாக நிரூபித்தால் உதவித்தொகை கேட்கலாம். வேலையிடத்து வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 2019-இல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை.

நம் ஊரில் இருப்பது தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் இரண்டு திட்டங்கள். ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா 2005 ஏப்ரலில் தொடங்கியது. ஆட்குறைப்பு, ஆலை மூடல், அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம், இவற்றால் வேலை போயிருக்க வேண்டும். இரண்டு வருடச் சந்தா கட்டியிருந்தால் முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதமும், அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் கிடைக்கும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா 2018 ஜூலையில் வந்தது. இதில் சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, ஆயுளில் ஒருமுறை. வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். இது அவ்வப்போது நீட்டித்து நடத்தப்படும் திட்டம் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டாவது திட்டத்தில் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் ஆகியோருக்கு இடமில்லை. ‘நானாகவே போகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தவரை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சந்தா விவரத்தை இணையத்தில் ஏற்றும்போது வேலை செய்யாத ஆளுக்கு என்ன காரணம் என்று நிறுவனம்தான் தேர்வு செய்கிறது. ‘பணியை விட்டார்’ வேறு, ‘ஆட்குறைப்பு’ வேறு. உங்கள் தாளில் உள்ள வாசகம் அங்கே போய் உட்காருகிறது.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை இதற்கு மாற்று ஆகாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கானது அது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்.

வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள். ‘மேனேஜர் ரொம்ப டார்ச்சர்’ என்று எழுதிப் பயனில்லை. ‘மே 12, காலை 9.40, லாபியில், இரண்டு விருந்தினர் முன்னிலையில் இப்படிச் சொன்னார்’ என்று இருக்க வேண்டும். டீ ஃபேக்டரியில் உங்களை மட்டும் தொடர்ந்து இரவு ஷிஃப்டில் போடுகிறார்களா, எஸ்டேட்டில் உங்கள் கொழுந்து எடையில் மட்டும் கழிவு கூடுகிறதா, மஸ்டரில் நிற்கவைத்துவிட்டு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களா, எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும். ஷிஃப்ட் அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் மிரட்டல் இருக்கும் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். நீதிமன்றம்வரை போனால் அந்தப் போனே கேட்கப்படலாம்.

அடுத்து, எழுத்தில் புகார். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அதிகாரிகள் இன்னும் பழைய சட்டப் பெயர்களையே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். குழு இல்லையென்றால் உரிமையாளருக்கோ தலைமை அலுவலகத்துக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராது என்று தெரிந்தே அனுப்புங்கள். பதில் வராததும் ஒரு சான்றுதான்.

துன்புறுத்தல் பாலியல் சார்ந்தது என்றால் வழியே வேறு, அதுவும் பலமான வழி. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழு. பங்களாவில் சமையல் வேலை செய்யும் பெண்ணும் அங்கே போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். விசாரணை நடக்கும்போது மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்க உரிமை உண்டு. சாதியைச் சொல்லிப் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நாலு பேர் பார்க்க இழிவுபடுத்தினால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

ராஜினாமாவுக்கு முன் மருத்துவர்

பலர் தவறவிடும் படி இது. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வேலைக்குக் கிளம்பும்போதே வயிறு பிசைகிறது என்றால் அது நோய்தான். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறவர் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிச் சான்று வாங்கினால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அதற்கு உரிய சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மனநோய் கடுமையானது என்று மருத்துவர்கள் முடிவுசெய்தால் நீண்டகால நோய்ப் பட்டியலில் வரும் உதவியும் உண்டு. அதைவிட முக்கியம், நோய்க்கால உதவி வாங்கும் நாட்களில் ஒருவரை வேலையை விட்டு நீக்க இ.எஸ்.ஐ. சட்டம் தடை போடுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள்தான் இ.எஸ்.ஐ.யில் சேர்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம்

எல்லாம் செய்தும் இருக்க முடியவில்லை என்றால் போங்கள். உடம்பையும் மனதையும் விற்றுச் சம்பாதிக்க வேண்டியதில்லை. ஆனால் கடிதம் இந்த மாதிரி இருக்கட்டும்:

‘… ஆகிய தேதிகளில் பணியிடத்தில் எனக்கு நேர்ந்த அவமதிப்பு குறித்து … ஆகிய தேதிகளில் எழுத்துமூலம் புகார் அளித்தேன். எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. தொடர்ந்து பணிபுரிய முடியாத நிலைக்கு நான் தள்ளப்பட்டதால் மட்டுமே விலகுகிறேன். இது என் விருப்பத்தின் பேரில் செய்யும் ராஜினாமா அல்ல.’

ஒரு கோபச் சொல் வேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.

இப்படி எழுதியதால் மட்டும் இ.எஸ்.ஐ. பணம் வந்துவிடாது. மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே அல்ல, பணிநீக்கம்தான் என்று பின்னால் வாதாட இடம் இருக்கும், அவ்வளவே. ஆனால் அந்த இடம் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்போர்டுப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். முன்னறிவிப்பில் இன்னும் 11 நாள் பாக்கி இருந்தது. நிறுவனம் ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும் தரவில்லை. பின்னொரு தேதியிலிருந்து நடப்புக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன விஷயம். டீ ஆறிப்போக, அந்த மேசையிலேயே திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினோம். யார், எந்த நாளில், எந்த அறையில் வைத்து எழுதச் சொன்னார் என்பதும் அதில் இருந்தது. தபால் நிலையம் மூடுவதற்குள் அனுப்பியாயிற்று. மறுநாள் அவர் இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்க்கப் போனார்.

அவசரம் இன்னொன்றுக்காகவும்தான். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும். நாலு வருடம் 240 நாள் இருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொன்னது. ஆனாலும் நிறுவனங்கள் அதற்கும் வழக்காடவைக்கும். இன்னும் மூன்று மாதம் கணக்கில் இருந்தால் அந்தச் சண்டையே தேவையில்லை.

வெளியே வந்த பின் வர வேண்டிய பணம்

ராஜினாமா செய்தாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ‘அடுத்த மாதம் வாங்க’ என்பது தவறு.

பணிக்கொடை ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. கணக்கு எளிது: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 15,600 ரூபாய் சம்பளம், ஆறு வருடம் என்றால் 54,000. 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டி சேரும்.

பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் ஏற்றாமல் இழுத்தடிக்கும். கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே இணையத்தில் குறிக்கலாம். வேலையற்றவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம் என்றும், முழுக் கணக்கையும் முடிக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் பி.எஃப். அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. ஐந்து வருடத்துக்கு முன் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். வேறு வழி இருந்தால் எடுக்காமல் இருங்கள்.

லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு

எஸ்டேட் தொழிலாளியின் கதை வேறு. தோட்ட வேலைக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. கிடையாது, அதனால் மேலே சொன்ன இரண்டு திட்டமும் கிடையாது. வேலையோடு வீடும் போகும். கங்காணியோ மேஸ்திரியோ ஃபீல்டு ஆபீசரோ கொடுக்கும் தொல்லையைச் சகித்துக்கொண்டு பலர் இருப்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவும் அந்த ஓட்டு வீட்டுக்காகவும்தான். அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை.

இவர்களுக்கு என் யோசனை: சங்கத்தைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கைநாட்டோ கையெழுத்தோ போடாதீர்கள். ‘விருப்ப ஓய்வு’ என்று தலைப்பிட்ட தாள் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. 2024-இல் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தொழிலாளர்களிடம் பாம்பே பர்மா நிறுவனம் அப்படிப்பட்ட படிவத்தைத்தான் நீட்டியது. எஸ்டேட்டை அரசு நிறுவனமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையோடு உயர் நீதிமன்றம்வரை போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்று உங்கள் நிர்வாகம் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள்.

எங்கே போவது

முதலில் தொழிலாளர் துறை. அங்கே சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீரவில்லை என்றால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மேற்பார்வைப் பணியில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். கடை, அலுவலகங்களில் ஆறு மாதமாவது வேலை பார்த்து நீக்கப்பட்டவருக்கு 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. அதற்கு 30 நாள்தான்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி 15100. பெண்களுக்கு 181-உம் உண்டு.

பணிநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போகச் சட்டம் தரும் கெடு இரண்டு வருடம். முன்பு மூன்றாக இருந்தது. வேலையை விட்டு இறங்கிய நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும். அடுத்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.