ஆற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

கேள்வி: காவிரியில் நீந்திப் பழகிய என் மகன் சென்னை அருகே உள்ள கோவளத்தில் அலைச்சறுக்கு கற்க ஆசைப்படுகிறான். எந்த மாதம் அனுப்பலாம்?
– வாசகி, பரமத்தி வேலூர்

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை அனுப்புங்கள். தென் இந்தியப் பெருங்கடலில் புயல்கள் கிளப்பும் அலைகள் பல நாள் பயணம் செய்து அப்போது நம் கரைக்கு வருகின்றன. கோவளத்தின் முனையைச் சுற்றி வளைந்து வருவதால் அவற்றின் சீற்றம் தணிகிறது. காலையில் மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அலை சிதறாமல் ஒழுங்காக எழும். பிற்பகலில் கடற்காற்று வந்தால் நீர் குழம்பிவிடும். எனவே விடிந்ததும் இறங்குவதே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயலும் வரும். புதியவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டவே வேண்டாம்.

மேட்டூரில் நீர் திறந்தால் ஆறு எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். கடலோ ஒரே நாளில் பலமுறை மாறும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். இதை முதலில் கற்கட்டும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தரும் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்பட்டும். உள்ளூர் மீனவர் "இன்னைக்கு வேணாம்" என்றால், அன்று அவன் கடலில் இறங்கவே கூடாது.