பழைய அலைவுகாட்டி வாங்கலாமா?

பழுதான வானொலியைத் திறந்து பார்ப்பவரிடம் முதலில் இருக்கும் கருவி பெரும்பாலும் மல்டிமீட்டர்தான். அது மின்னழுத்தத்தை ஓர் எண்ணாகக் காட்டும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5 வோல்ட் வருகிறதா என்பதை அறிய அது போதும். ஆனால், அந்த மின்னழுத்தம் சீராக இருக்கிறதா, நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஏறி இறங்குகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவியே அலைவுகாட்டி. இதனை ‘ஆசிலோஸ்கோப்’ என்றும் அழைப்பர். ஜெர்மானிய அறிவியலாளர் கார்ல் ஃபெர்டினண்ட் பிரவுன் 1897-ஆம் ஆண்டில் உருவாக்கிய கதிர்க்குழாயிலிருந்து இக்கருவி வளர்ந்தது.

புதிய அலைவுகாட்டியின் விலை மாணவர்களின் சேமிப்புக்கு எட்டாமல் போகலாம். எனவே, பலர் பழைய கருவியைத் தேடுகின்றனர். தேடுவதற்கு முன், ‘நான் எதைப் பழுதுபார்க்கப் போகிறேன்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டாது. ஆகவே, ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்க்க 20 மெகாஹெர்ட்ஸ் கருவியே தாராளம். வேகமான மின்சுற்றுகளுக்கோ அது போதாது. அளக்கப்போகும் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு திறன் கருவிக்கு இருப்பது நல்லது.

ஒருவரிடம் 150 வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று அதே விலைக்குக் கிடைக்கிறது. ஆனால், அது இயங்குமா என்பது விற்பவருக்கே தெரியவில்லை. இன்னொன்று 20 மெகாஹெர்ட்ஸ் கருவி; விலை 110 வெள்ளி. அதன் இரண்டு உள்ளீடுகளும் வேலை செய்கின்றன. இரண்டு அளவீட்டுக் கம்பிகளும் உடன் வருகின்றன. ஒலிபெருக்கியைப் பழுதுபார்ப்பவருக்கு இரண்டாவதே ஏற்றது. ஒலிபெருக்கிக்குள் செல்லும் அலையையும் வெளிவரும் அலையையும் அவர் ஒரே திரையில் ஒப்பிடலாம். மீதிப் பணத்தில் உதிரிப் பாகங்களும் வாங்கலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான்.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று பழைய பொருள்கள் பெரும்பாலும் இணையம்வழி கைமாறுகின்றன. படத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பெற்றோருடன் நேரில் சென்று, கருவியை இயக்கிக் காட்டும்படி கேளுங்கள். சில பழுதுகள் கருவி சூடான பிறகே தெரியும்; ஆதலால், இருபது நிமிடங்களாவது அது ஓடட்டும். திரையில் தோன்றும் கோடு மெல்லியதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள். அப்போது கோடு தாறுமாறாகக் குதித்தால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். பெரும்பாலான கருவிகளின் முன்புறத்தில் சதுர அலையைத் தரும் சிறிய முனை ஒன்று இருக்கும். அளவீட்டுக் கம்பியை அதில் மாட்டினால் திரையில் சதுர அலை தோன்ற வேண்டும். இச்சோதனையை இரண்டு உள்ளீடுகளிலும் செய்யுங்கள். இயக்கிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.

வாங்கிய பின்னரும் கவனம் தேவை. அளவீட்டுக் கம்பியில் உள்ள கவ்வி, பொதுவாக மின்செருகி வழியாகக் கட்டடத்தின் நிலக்கம்பியோடு இணைந்திருக்கும். வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியில் அதை மாட்டினால், குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். அதைத் தவிர்ப்பதாக எண்ணி நிலக்கம்பியைத் துண்டிப்பது அதைவிடக் கொடியது. அப்போது கருவியின் உலோக உடலிலேயே மின்சாரம் பாயக்கூடும். பழைய கருவியின் கதிர்க்குழாய்ப் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். எனவே, அதன் மூடியைத் திறக்கக் கூடாது. மின்கலத்தால் இயங்கும் வானொலி, பொம்மை போன்றவற்றில் தொடங்கி, ஆசிரியரின் மேற்பார்வையில் பழகுங்கள்.

குறைந்த விலை மட்டும் ஒரு பொருளைச் சிக்கனமானதாக ஆக்கிவிடாது. தேவையை அறிந்து, சோதித்து வாங்கி, பாதுகாப்பாகப் பயன்படுத்தினால், பிறர் வேண்டாம் என ஒதுக்கிய கருவியும் நமக்குப் பல ஆண்டுகள் உழைக்கும்.