வாசலே முதல் வகுப்பறை
(சின்னத் தம்பி, தங்கைகளுக்கு வெளி விளையாட்டுப் பாடங்கள்)



முதலில் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு ஐந்து வயது. வரும் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறான். ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பான். ஒரு நாள் சாயந்திரம் அம்மா, "அஞ்சு வெங்காயம் எடுத்துட்டு வாடா" என்று சொன்னாங்க. அவன் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது! "இதுல அஞ்சு எதுடா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறான்.

அம்மா முகம் வாடிப் போச்சு. "பள்ளிக்கூடத்துல இவன் எப்படிடி படிக்கப் போறான்? நாளையிலிருந்து தெருவுக்கு விடாதே. சிலேட்டைக் கொடுத்து உட்கார வை" என்று என்னிடம் சொன்னாங்க. நானும் ஒரு வாரம் உட்கார வைத்தேன். அவன் அழுததுதான் மிச்சம்.

எங்க ஆயா புளி கொட்டை எடுக்கிற வேலை செய்யறாங்க. அவங்கதான், "ஏன் புள்ளைய அழ வைக்கிற? நான் பள்ளிக்கூடம் போனதே இல்ல. இந்தப் புளியங்கொட்டையிலதான் கணக்கு கத்துக்கிட்டேன். வாசலுக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னாங்க. அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒப்பிப்பது வேறு, தெரிவது வேறு

தம்பி ஒப்பித்தது எண்களின் பெயர்களை மட்டும்தான். "ஐந்து" என்றால் எத்தனை என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பொருளைத் தொட்டு ஒரு எண், அடுத்த பொருளைத் தொட்டு அடுத்த எண் என்று கையும் வாயும் சேர்ந்து போனால்தான் எண்ணுவது மனதில் பதியும். அதற்குக் கையில் எடுக்கப் பொருள் வேண்டும். ஓட இடம் வேண்டும். இரண்டும் வாசலில் சும்மா கிடைக்குது!

பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

ஜெர்மனி நாட்டில் ஃபிரோபல் என்ற கல்வியாளர் 1837-ல் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். 1840-ல் அதற்கு "கிண்டர்கார்டன்" என்று பெயர் வைத்தார். அதற்கு "குழந்தைகளின் தோட்டம்" என்று அர்த்தம். பெயரில் மட்டும் தோட்டம் இல்லை. குழந்தைகள் நிஜமாகவே மண்ணைக் கொத்திச் செடி வளர்த்தார்கள். இன்று நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அதில் வரும் "கே.ஜி." இந்தத் தோட்டம்தான்.

இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் நடந்த காலத்தில் கொடைக்கானலிலும் சில வருடம் இருந்தார். அங்கே செடி, கொடி, பூச்சி என்று இயற்கையையே குழந்தைகளுக்குப் பாடமாக்கினார்.

நம்ம தர்மபுரி மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. நாகர்கூடல் பக்கத்தில் 2000-ம் ஆண்டு "புவிதம்" என்ற பள்ளியை மீனாட்சி உமேஷ் தொடங்கினார். அங்கே சின்ன வகுப்புப் பாடங்களை சூரியன், பூமி, நீர், காற்று என்று அமைத்தார்கள். பிள்ளைகள் நிலத்தில் வேலை செய்துகொண்டே படித்தார்கள். நம்மைப் போன்ற மானாவாரிக் காட்டு ஊரிலேயே இது முடிந்திருக்கிறது பாருங்கள்!

செலவில்லாத ஆறு விளையாட்டுகள்

நான் தம்பியோடும் பக்கத்து வீட்டுக் குட்டிப் பிள்ளைகளோடும் விளையாடிப் பார்த்தவை இவை. மூன்று முதல் ஆறு வயதுக்கு ஏற்றவை.

1. கல் பொறுக்குதல்: "மூணு பெரிய கல், ரெண்டு சின்னக் கல் கொண்டு வா" என்று சொல்லுங்கள். கொண்டு வந்ததும் தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். பிறகு சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். தப்பாகக் கொண்டு வந்தால் திட்டக் கூடாது. "இன்னொரு தடவை எண்ணலாமா?" என்று கேட்டால் போதும்.

2. பாண்டி ஆட்டம்: கட்டத்துக்குள் எண்ணோ எழுத்தோ எழுதி விடுங்கள். நான்கு வயசுப் பிள்ளைக்கு நொண்டி அடிக்க வராது என்றால் இரண்டு காலாலும் குதிக்கட்டும். உடம்பைச் சமமாக நிறுத்தப் பழகும். குதிக்கும் கட்டத்தில் உள்ளதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி.

3. கொட்டாங்குச்சி அளவு: ஒரே கொட்டாங்குச்சியால் அகலமான தட்டில் மூன்று முறை, உயரமான டம்ளரில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுங்கள். "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் "டம்ளர்லதான்" என்று சொல்வார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896 - 1980) இதைத்தான் ஆராய்ந்து சொன்னார். உயரமாகத் தெரிந்தால் அதிகம் என்று அந்த வயதில் நினைப்பார்கள். அது முட்டாள்தனம் இல்லை, வளர்ச்சியில் ஒரு படி. திரும்பத் திரும்ப ஊற்றி விளையாட விடுங்கள். தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றி விடலாம்.

4. நிழல் பிடித்தல்: ஒரு குச்சியை நட்டு, காலை 9 மணிக்கும், மதியமும், மாலை 4 மணிக்கும் நிழல் முடியும் இடத்தில் கல் வையுங்கள். எப்போது நீளம், எப்போது குட்டை என்று பிள்ளையே சொல்லட்டும். நம்ம ஊரில் ஏப்ரல் 23-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும், மதியம் 12.15 மணிக்கு மேல் கொஞ்ச நேரம் நேராக நிற்கும் குச்சிக்குப் பக்கத்தில் நிழலே விழாது! சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவதால்தான் இப்படி. அன்றைக்கு நாமும் பார்க்கலாமே.

5. இலை சேர்த்தல்: வேம்பு, புங்கன், மா, அரசு, புளி என்று கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கி வகை பிரிக்கச் சொல்லுங்கள். எது நீளம், எது வழவழ, எது வாசனை என்று பேச வையுங்கள். புதுச் சொற்கள் வாயில் வரும். புளிய மரத்தைக் காலையிலும் இருட்டிய பிறகும் காட்டுங்கள். ராத்திரியில் அதன் சிற்றிலைகள் மடங்கித் தூங்குவது போல இருக்கும். என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "மரத்துக்கும் தூக்கம் வருமா அக்கா?" என்று கேட்டான்.

6. விதை போடுதல்: கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, பச்சைப்பயறு ஐந்து மட்டும் போடச் சொல்லுங்கள். தினமும் பார்க்கட்டும். முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை? கூட்டலும் கழித்தலும் தானாக வரும். பொறுமையும் வரும்.

உங்களுக்குத் தெரியுமா?

* உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும். உட்கார்ந்து டி.வி., செல்போன் பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

* தைவான் நாட்டில் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வைக்கும் திட்டம் தொடங்கியது. பார்வை குறைந்த மாணவர்கள் 2012-ல் நூற்றுக்கு 49 பேர் இருந்தார்கள். 2015-ல் அது 46 ஆனது. பல வருடமாகக் கூடிக்கொண்டே வந்தது குறைய ஆரம்பித்தது. வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது.

கவனம்! கவனம்!

* மூடாத கிணறு, தண்ணீர்த் தொட்டி, ரோடு இவற்றின் பக்கம் விளையாட விடாதீர்கள். பெரியவர் ஒருவர் கண் பார்வையில் இருக்க வேண்டும்.
* அரளி விதை, ஊமத்தங்காய், குன்றிமணி மூன்றும் விஷம். தொட விடாதீர்கள்.
* புளியங்கொட்டை, கோலிக்குண்டு போன்றவற்றைச் சின்னப் பிள்ளைகள் வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கொடுக்கவே வேண்டாம்.
* புதர், கல் குவியல் பக்கம் பாம்பு, தேள் இருக்கலாம். கூட்டிவிட்ட வாசலே நல்லது.
* வெயில் காலத்தில் காலையும் மாலையும் மட்டும் விளையாடட்டும். நிழல் பார்க்கப் போனால் கல்லை வைத்துவிட்டு உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஏன் இதை நாம் செய்யணும்?

நம்மில் நிறைய பேர் வீட்டில் அப்பா அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் திருப்பூர், பெங்களூர் என்று வெளியூரில் இருக்கிறார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது நாம்தான். அவன் அழுதால் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு நம்ம வேலையைப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். நமக்கும் படிப்பு இருக்கு, வீட்டு வேலை இருக்கு. ஆனால் அரை மணி நேரம் போதும். பாத்திரம் கழுவும்போதே "தம்பி, நாலு கரண்டி எடுத்துக் கொடு" என்று கேட்டால் அதுவும் பாடம்தான்.

"விளையாட்டுப் புத்தி" என்று பெரியவர்கள் திட்டுவார்கள். சின்னக் குழந்தைக்கு அந்த விளையாட்டில்தான் புத்தியே வளருது என்று நாம் அவர்களுக்கு மெதுவாக எடுத்துச் சொல்லணும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள். ஐந்தில் வளைப்பது என்றால் அடித்து வளைப்பது இல்லை, ஆட விட்டு வளைப்பது.

கடைசியாக என் தம்பி கதை. மூன்று வாரம் கல்லும் புளியங்கொட்டையும் வைத்து விளையாடினோம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடியும், "அஞ்சு வெங்காயம் கொண்டு வா" என்று கேட்டாங்க. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினான். சரியாக ஐந்து! அம்மா ஒன்றும் பேசாமல் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாங்க. எட்டு கேட்டால் இன்னும் தடுமாறுகிறான்தான். பரவாயில்லை, ஜூன் மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கு.

நண்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு விளையாட்டை உங்க வீட்டுக் குட்டியோடு விளையாடிப் பாருங்கள். என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அடுத்த இதழில் இதே இடத்தில் ஒட்டலாம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாப்பாரப்பட்டி