ராகு காலத்தில் என்ன வேலை பார்க்கலாம்?

திங்கள்கிழமை காலை 8.30 மணிக்கு வேலையில் சேரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் 7.30 முதல் 9 வரை ராகு காலம் என்கிறது. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் எச்.ஆர். இதற்கு அனுபவஸ்தர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவது. படி தாண்டிய நேரம்தான் கணக்கு, போய்ச் சேர்ந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. அம்மாவுக்கும் திருப்தி, டிராஃபிக்கிலும் மாட்ட மாட்டீர்கள். சேரும் படிவத்தை எப்படியும் ஒன்பதரைக்கு முன்னால் யாரும் எடுத்து நீட்டப் போவதில்லை.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். 10.30 முதல் 12 வரை, அலுவலகம் சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து ராகு வந்து உட்கார்ந்துகொள்கிறார். இன்டர்வியூவுக்கு நேரம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கொடுத்தால் மனசுக்குப் பிடித்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் வீட்டிலும் அதே காலண்டர்தான் தொங்கும். அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியும் ஐந்து நாள் அலுவலகத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திங்களன்று ராகு காலம் அலுவலகம் திறக்கும்போதே முடிந்துவிடும். மற்ற நான்கு நாளும் ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு மணி நேரம். எமகண்டத்தையும் சேர்த்தால் இன்னும் நாலரை. ஆக, 45 மணி நேர வாரத்தில் பத்தரை மணி நேரம் கையை விட்டுப் போகும். இதற்கு மேல் சந்திராஷ்டமம், ஆடி மாதம், மார்கழி என்று ஒன்று விடாமல் பார்த்தால் எப்போதுதான் வேலை பார்ப்பது? நல்ல காரியம் ஆகாது என்று ஒதுக்கிய ஆடியை ஜவுளிக்கடைக்காரர்கள் தள்ளுபடி மாதமாக்கிவிட்டார்கள். அந்தச் சாமர்த்தியம் நமக்கும் வேண்டும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ராகு என்பது கண்ணால் பார்க்கக்கூடிய கோளே இல்லை. வானத்தில் சூரியன் போகும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகிற ஒரு புள்ளி. பகலை எட்டாகப் பங்குபோட்டு அதில் ஒரு பங்கை அதற்கு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கும் சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு போட்டது. தை பிறக்கும்போது சென்னையில் ஆறரை தாண்டித்தான் விடிகிறது. காலண்டர் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஆனாலும் அந்த 90 நிமிட வழக்கத்தில் அலுவலகத்துக்கு உதவும் ஒரு விதி இருக்கிறது. ராகு காலத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது; ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தொடரலாம். நம்பும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இப்படித்தான் சொல்வார்கள்.

நம் அலுவலகங்களைப் பிடித்த நோயே ஆரம்பிப்பதுதான். புது மெயில், புது வாட்ஸப் குழு, புது எக்செல் ஷீட். முடிப்பதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தினம் ஒன்றரை மணி நேரத்தைப் புதிய தொடக்கம் எதுவும் இல்லாத நேரமாக ஒதுக்கிப் பாருங்கள். செவ்வாய் மாலை 3 முதல் 4.30 வரை என்று வைத்துக்கொள்வோம். முக்கால்வாசி எழுதி நிறுத்திய ரிப்போர்ட், மூன்று வாரமாகப் பையிலேயே கசங்கும் பயணப்படி பில்கள், ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று பதில் போட்டு அதோடு விட்ட இரண்டு மெயில்கள் எல்லாம் அந்த நேரத்துக்கு உரியவை. போனைக் குப்புறக் கவிழ்த்துவிடுங்கள். மேலாளர் கூப்பிட்டால் எடுங்கள், அவரைப் பகைத்துக்கொள்ளும் அளவுக்கு எந்த விரதமும் தேவையில்லை. ஆனால் அவர் புது வேலை சொன்னால் நோட்டில் குறித்துக்கொண்டு நாலரைக்கு மேல் தொடுங்கள்.

மணி அடித்தால் எழுந்திருங்கள்

நேரத்துக்குக் கட்டுப்படுவதில் மதங்களுக்கு இருக்கும் பயிற்சி வேறு யாருக்கும் இல்லை. இத்தாலியில் புனித பெனடிக்ட் சுமார் 530-ஆம் ஆண்டு தன் துறவிகளுக்கு ஒரு ஒழுங்குமுறை எழுதினார்: பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூட்டு வழிபாடு, நடுவில் உடலுழைப்பு, வாசிப்பு. வழிபாட்டுக்கு அழைப்பு வந்ததும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும், வேலை பாதியில் நின்றாலும் சரி. அவருக்கு முன்னோடியான கசியான், எகிப்துத் துறவிகளைப் பற்றி எழுதும்போது, ஏடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்தார்கள் என்கிறார்.

மாலை ஆறரைக்கு ‘இதை மட்டும் முடித்துவிட்டு’ என்று எட்டரை வரை உட்காருகிறவர்கள் இதை முயன்று பார்க்கலாம். பாதி வரியில் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் காலையில் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்கும் அரைமணி நேரம் மிச்சமாகும்.

குர்ஆனின் 62-வது அத்தியாயம் இன்னும் நடைமுறையாகப் பேசுகிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறது. தொழுகை முடிந்ததும் கலைந்து போய்ப் பிழைப்பைத் தேடச் சொல்கிறது. இரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. உங்கள் அணியில் முஸ்லிம் நண்பர் இருந்தால் வெள்ளி மதியம் ஒரு மணிக்கு ரிவ்யூ மீட்டிங் வைக்காதீர்கள். தொழுகைக்குப் போகிறவர் நீங்கள் என்றால் வாராவாரம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்க வேண்டாம். சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, அணியின் கணினிக் காலண்டரில் நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்களுக்கும் இதே யோசனைதான். மலைக்குப் போகும் தேதியை மாலை போடும் அன்றே சொல்லுங்கள். டிசம்பர் கடைசியில் பாதி அலுவலகம் லீவு கேட்டு நிற்கும்.

பெரியார் செய்த சோதனை

நம்பாதவர்கள் பக்கம் வருவோம். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தார் புரோகிதர் இல்லாமல் திருமணங்கள் நடத்தினார்கள். அவற்றில் பலவற்றை வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தார்கள். மணமக்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தம் அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் ஏற்பையும் தந்தது. (சடங்கில் மிச்சமான நேரத்தை வாழ்த்துரைகள் எடுத்துக்கொண்டன என்பது தனிக்கதை.)

வேலை பார்ப்பவர் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆகாது என்று சொன்னதைச் செய்து பார்த்துவிட்டுப் பேசும் துணிச்சலை. ராகு காலத்தைக் கேலி செய்கிறவரும் அலுவலக மூடநம்பிக்கைகளைக் கேள்வி கேட்பதில்லை. திங்கள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்கு மூன்று நிமிடம் ஒப்பிக்கும் கூட்டம் ஒரு சடங்கு. தலைப்பில் ‘அர்ஜன்ட்’ என்று போட்டால் வேலை நடக்கும் என்பது ஒரு நம்பிக்கை. கடைசியாக விளக்கணைத்துப் போகிறவர்தான் உழைப்பாளி என்பது பெரிய நம்பிக்கை. அணித்தலைவராக இருந்தால் அந்தத் திங்கள் கூட்டத்தை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். என்ன கெட்டுப்போனது என்று எழுதி வையுங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அதை மறுபடி ஆரம்பிக்க யாராவது காரணம் சொல்லட்டும். ‘எனக்கு ராத்திரியில்தான் மூளை ஓடும்’ என்கிறவர்களும் இதே மாதிரி இரண்டு வாரம் காலையில் எழுதிப் பார்க்கலாம்.

அதிக நேரம் உழைப்பதே புண்ணியம் என்ற எண்ணத்துக்கும் பூர்வீகம் மதம்தான் என்று ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-05-இல் எழுதினார். நேரத்தை வீணாக்குவது பாவம் என்ற பியூரிட்டன்களின் போதனை, சாமியை விட்டுவிட்டுக் கடைவீதிக்கு வந்துவிட்டது என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய சாட்சி, நேரம்தான் பணம் என்று 1748-இல் இளம் வணிகருக்கு எழுதிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின். ஃபிராங்க்ளினின் நாள் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் வேலைக்கு அவர் ஒதுக்கியது காலையில் நான்கு மணி நேரம், பிற்பகலில் நான்கு மணி நேரம். மதியம் கணக்குப் பார்க்கவும் சாப்பிடவும் இரண்டு மணி நேரம், மாலையில் இசையும் அரட்டையும். ஒழுங்கு என்ற குணம் தனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்று சுயசரிதையில் ஒத்துக்கொள்கிறார்.

கடவுள் நம்பிக்கை இல்லாத தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-இல் ஒரேயடியாக எதிர்ப்பக்கம் போனார். உழைப்பின் மேன்மையை உபதேசித்தவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நாளுக்கு நான்கு மணி நேர வேலை போதும் என்றார். நான்கு மணி நேரம் எந்தக் கம்பெனியிலும் நடக்காது. ஆனால் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது வந்த சண்டையிலும் கேட்க வேண்டியது ரஸ்ஸலின் கேள்விதான்: அந்தக் கூடுதல் நேரத்தின் பலன் யார் கைக்குப் போகிறது? கூடுதலாக உட்காரும் ஒவ்வொரு மாலையும் இதை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம். பதில் ‘எனக்கு, நான் கற்றுக்கொள்கிறேன்’ என்று வந்தால் தாராளமாக உட்காருங்கள்.

கடைசியாகக் குளிகை, அதே காலண்டரில் இருக்கும் இன்னொரு ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் குளிகையில் கடன் வாங்க மாட்டார்கள், கடனை அடைப்பார்கள். அந்தக் கணக்கில் சம்பள உயர்வு கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை. திங்களன்று குளிகை மதியம் 1.30 முதல் 3 வரை. நம்பாதவருக்கும் அது தோதான நேரம்தான்: காலை நெருக்கடி ஓய்ந்திருக்கும், மேலாளர் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். ஓராண்டில் எந்தெந்த வேலையை முடித்தீர்கள், அதனால் கம்பெனிக்கு என்ன மிச்சமானது என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கையில் எடுத்துப் போங்கள். அந்தத் தாள் இல்லாமல் போனால் எந்த நேரமும் ராகு காலம்தான்.